கோபுரத்துக் குரலுக்கு ஒரு கடிதம்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு காது இருந்ததாம். அந்தக் காதுக்கு வாய் மட்டும் கிடையாதாம்.

இப்படி ஆரம்பித்தால் உங்களுக்கு எரிச்சலாக இருக்கும் அக்கா. என்ன செய்வது, எங்கள் வீட்டில் எதிர்வீட்டுச் சண்டையைச் சொல்வதானாலும் ‘ஒரே ஒரு ஊரிலே’ என்றுதான் பெரியவர்கள் ஆரம்பிப்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் வேறு மாதிரி வராமல் போய்விட்டது. உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் மடங்கும். இதில் உட்காருங்கள். மொட்டை மாடி அறை, தகரக் கூரை, மூன்று மணிக்கு இப்படித்தான் வேகும். ஃபேனை உங்கள் பக்கம் திருப்பிவிட்டேன்.

காகிதத்தைப் படித்துவிட்டேன். சும்மா மேலோட்டமாகத்தான் படித்தேன், ஆனால் விஷயம் புரிந்தது. சிவனேசன் ஆகிய நான் விமானத்தளத்துக்கு எழுதிய கடிதத்தில் இருப்பதெல்லாம் என் கற்பனை, ரேடியோவில் அப்படி எதையும் நான் கேட்கவில்லை, ஓர் அட்டைக்கு ஆசைப்பட்டு எழுதிவிட்டேன். இவ்வளவுதானே? இதில் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணைக் குழு முன்னால் போய் நிற்கும்போதும் இதையே வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் உங்கள் வீட்டுக்காரர் வேலை தப்பும். சொல்லாவிட்டால் பதினாலு வருட சர்வீஸ் போய்விடும், அந்தப் பயிற்சி விமானிப் பையனும் இனிமேல் விமானத்தில் ஏற முடியாது. சரியாகச் சொல்கிறேனா?

சரி. போடுகிறேன். கையெழுத்துப் போடுவதில் எனக்கு ஒன்றும் இல்லை அக்கா.

ஆனால் மாடிப்படி ஏறி வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு வார்த்தை கேட்டீர்கள். “எங்க மேல உங்களுக்கு என்ன கோவம் தம்பி?” அது இன்னும் இந்த அறையிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. கோபமா? ரத்தினவேல் சார் மேலேயா? அவர் பெயர் ரத்தினவேல் என்பதே ஜீப்பில் வந்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவரை என் நோட்டில் அவருக்குக் ‘கோபுரத்தார்’ என்று பெயர். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்து பேசுகிறவர், அதனால் கோபுரத்தார். மரியாதையாகத்தான் வைத்திருந்தேன்.

பத்து நிமிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு அப்புறம் கோபமா என்று நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு வேலை, கண்காணிப்புக் கேமரா மாட்டுவது. நகைக்கடை, அரிசி ஆலை, கல்யாண மண்டபம். ஏணி, துளை போடும் மெஷின், கேபிள் சுருள். பார்க்கிற வேலை என்று சொல்வார்கள், எனக்கு அதில் ருசி இல்லை. கேமராவில் தெரிகிறவன் எல்லாம் திருடன் மாதிரியே இருப்பான். கேட்பது வேறு. கேட்கும்போது ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

முதலில் ரயில் கார்டுகள் பேசிக்கொள்வதைக் கேட்கத்தான் ஒரு பழைய ரிசீவர் வாங்கினேன். அலைவரிசையை ஒவ்வொன்றாகத் தானே தேடிக்கொண்டு போகும், பேச்சு வந்தால் நிற்கும். ஒருநாள் காலை நின்றது. நின்ற இடத்தில் ஒரு ஆள் இங்கிலீஷில் சொல்கிறார், ஓடுபாதை காலி, காற்று இந்தத் திசை, இத்தனை வேகம், இறங்கலாம். அடுத்த நிமிடம் என் தலைக்கு மேலே, இதோ இந்தத் தகரம் அதிர, ஒரு பயிற்சி விமானம் இறங்கிப் போகிறது. நான் பிறந்ததில் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன் அக்கா. சித்தாம்பூரில் யார்தான் கேட்கவில்லை? தளத்து வேலியில் இருந்து எங்கள் தெரு எண்ணூறு அடி. ஆனால் அந்தச் சத்தத்துக்கு முன்னால் ஒருத்தர் ‘வா’ என்று சொல்கிறார், அதற்கு அப்புறம்தான் அது வருகிறது என்பது இருபத்து நாலு வயதில்தான் தெரிந்தது. அன்றைக்கு வேலைக்கே போகவில்லை.

அது ராணுவத்து அலைவரிசை, கேட்கக்கூடாது, தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்ணை நான் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் ரேடியோக் குழுவில் கூடச் சொன்னதில்லை. காதுக்கு வாய் கிடையாது என்று சொன்னேனே.

மூன்று வருடம். ஞாயிறு தவிர தினமும் காலை ஆறில் இருந்து எட்டு வரை. அதற்கு மேல் வெயிலில் காற்று தூக்கிப்போடும் என்று பயிற்சியை நிறுத்திவிடுவார்கள், நானும் ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ரத்தினவேல் சாரை நான் ஒருதடவைகூடப் பார்த்தது கிடையாது. உயரமா, குட்டையா? தெரியாது. ஆனால் அவருக்கு மார்கழியில் சளி பிடிக்கும், தை பிறந்தும் விடாது. சிரிப்பை அடக்கினால் கடைசி எழுத்து கொஞ்சம் இழுபடும். புதுப்பையன்களிடம் பேசும்போது மெதுவாகப் பேசுவார், அதிகாரிகளிடம் பேசும்போது இன்னும் மெதுவாகப் பேசுவார். போன ஐப்பசியில் பதினோரு நாள் அவர் இல்லை. பதினோரு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை, ஆள் மாறிப்போய்விட்டாரோ என்று.

என்ன? உங்கள் அப்பா தவறிப்போனதற்கா?

அதுதானே. திரும்பி வந்த அன்று ‘குட் மார்னிங்’ சொல்லும்போதே நினைத்தேன். நோட்டில்கூட எழுதினேன், ‘கோபுரத்தார், குரல் கம்மியிருக்கிறது, வீட்டில் ஏதோ’ என்று. பாருங்கள், சரியாக இருந்திருக்கிறது.

ஏன் நாற்காலியைப் பின்னால் நகர்த்துகிறீர்கள், வெயில் படுகிறதா? ஜன்னலைச் சாத்துகிறேன்.

இப்போது அந்த அட்டை. அதுதான் உங்களுக்குப் புரியாதது. விசாரணைக்கு வந்தவர்களுக்கும் புரியவில்லை, “என்ன கார்டு, என்ன கார்டு” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ரேடியோ கேட்கிறவர்களிடம் உலகம் முழுக்க ஒரு வழக்கம் இருக்கிறது அக்கா. ஏதோ ஒரு நாட்டு நிலையத்தைக் கேட்டால் அவர்களுக்கு ஓர் அறிக்கை எழுத வேண்டும். இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன அலைவரிசையில் உங்களைக் கேட்டேன், இவ்வளவு தெளிவாக இருந்தது, இன்னது பேசினீர்கள். அவர்கள் சரிபார்ப்பார்கள். சரியாக இருந்தால் ஓர் அட்டை அனுப்புவார்கள், ‘ஆம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்’ என்று. அவ்வளவுதான் அந்த அட்டை. பரிசு கிடையாது, காசு கிடையாது. ‘ஆம்’ என்று ஒருத்தன் சொல்கிறான், அவ்வளவுதான்.

எங்கள் வாட்ஸாப் குழுவில் பதினேழு பேர். கோயம்புத்தூரில் கிஷோர் என்று ஒருத்தர், பல் மருத்துவர், அண்டார்க்டிகாவில் இருந்து அட்டை வாங்கியவர். அதைச் சட்டம் போட்டு க்ளினிக்கில் மாட்டியிருக்கிறார், வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறவன் அதைத்தான் பார்க்க வேண்டும். ஒருநாள் நான் வாய் தவறி, எண்ணைச் சொல்லவில்லை, எங்கள் ஊர்த் தளத்தைத் தினமும் கேட்கிறேன் என்று போட்டுவிட்டேன். உடனே கிஷோர், “அட்டை இருக்கா பாஸ்?” என்றார்.

இல்லை என்றேன்.

“அட்டை இல்லேன்னா நீங்க கேக்கல. தகரக் கூரைக்குக் கீழ படுத்துக் கனவு கண்டிருக்கீங்க. ஆசாமி வெயில்ல மயங்கிட்டாரு, யாராவது எலுமிச்சம்பழச் சாறு குடுங்கப்பா.”

பதினாறு பேரும் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். நான் எண்ணினேன், பதினாறு. மூன்று வருடம் ஒரு மனிதருடைய குரலைக் கேட்டு, அவர் சளிக்கு நான் கவலைப்பட்டு, கடைசியில் கனவு கண்டேன் என்கிறார்கள். அன்றைக்கு முழுக்க ஏணி மேல் நின்றுகொண்டு அதையே நினைத்தேன். ஒரு கேமராவைத் தலைகீழாக மாட்டிவிட்டு வந்துவிட்டேன், மண்டபத்துக்காரர் ராத்திரி போன் பண்ணி, “என்னப்பா, எங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாம் வௌவால் மாதிரித் தொங்குறாங்க” என்கிறார்.

சிரிக்கலாம் அக்கா, தப்பில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் அது நடந்தது. நீங்கள் இந்தக் காகிதத்தில் நடக்கவில்லை என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்களே, அது. ஆடிக் காற்று. செவ்வாய்க்கிழமை. விடிந்ததில் இருந்தே பக்கவாட்டில் அடிக்கிறது, எங்கள் கொடியில் காய்ந்த வேட்டி எதிர்வீட்டு முருங்கையில் போய் மாட்டிக்கொண்டது. இந்தக் காற்றில் பயிற்சி வைக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஆறரை வாக்கில் கொஞ்சம் அடங்கியது, அதை நம்பி ஒரு பையனைத் தனியாக மேலே அனுப்பிவிட்டார்கள். அனுப்பின பிறகுதான் வலுத்தது. தனியாகப் போவது அவனுக்கு அதுதான் முதல் தடவையோ இரண்டாவதோ. மதுரைப் பக்கத்துப் பையன் என்று அவனுடைய இங்கிலீஷிலேயே தெரியும், ‘ழ’ வருகிற இடமே இல்லாத பாஷையில்கூட அவனுக்கு ஒரு மதுரை உண்டு.

ஆறு ஐம்பத்தெட்டுக்கு இறங்க வந்தான். முடியவில்லை, காற்று ஒதுக்கித் தள்ளிவிட்டது, மறுபடி மேலே ஏறிவிட்டான். ஏழு நாலுக்குத் திரும்ப வந்தான். இன்னும் மோசம். இந்தத் தகரத்துக்குச் சாய்வாக, ஒரு றெக்கை தாழ்ந்து போனதை ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். மேலே ஏறினதும் பேசுகிற பட்டனை அழுத்தி அழுத்தி விடுகிறான். மூச்சு கேட்கிறது அக்கா. பேச்சு இல்லை, மூச்சு மட்டும். நாய் ஓடிவந்து நின்றால் விடுமே, அப்படி. ரத்தினவேல் சார் இங்கிலீஷில் சொல்கிறார், சொல்கிறார், அந்தப் பக்கம் பதிலே இல்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். என் கை என்னை அறியாமல் ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, நான் பிடித்தால் அவன் நேராக வருவான் என்கிற மாதிரி.

ஏழு பத்துக்கு உங்கள் வீட்டுக்காரர் தமிழில் பேசினார். அந்த அலைவரிசையில் தமிழ் வந்து நான் கேட்டதே இல்லை. வரவும் கூடாது.

“தம்பி, காலைல என்ன சாப்பிட்ட?”

அந்தப் பக்கம் மூச்சு. அப்புறம் சின்னக் குரலில், “ஒண்ணும் சாப்பிடலை சார்.”

“அதான் பார்த்தேன். வெறும் வயித்துல வந்தா அது எப்படி இறங்கும்? கேன்டீன்ல இன்னைக்குப் பொங்கலும் வடையும். வடை தீரப் போவுது. உனக்கு ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லிருக்கேன். ஒண்ணுதான், ரெண்டு கேக்காத.”

“சரி சார்.”

“அவசரம் இல்ல. ஆறினாலும் வடை வடைதான். மூக்கை லேசா இடது பக்கம் வை. இன்னும் கொஞ்சம். வச்சியா? அப்படியே என்கிட்டப் பேசிக்கிட்டே வா. உங்க ஊர்ல வடைக்கு என்ன சட்னி?”

“தேங்காய், சார்.”

“இங்க சாம்பார்தான். இறங்கி வந்து சண்டை போடு.”

இறங்கிவிட்டான். சக்கரம் தொடுகிற சத்தம் இங்கே கேட்கும், க்ரீச் என்று ஒன்று, அப்புறம் இன்னொன்று. அன்றைக்கு மூன்று கேட்டது, தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறது. அப்புறம் சார் இங்கிலீஷில், எப்போதும் போல, வெளியேறும் பாதை எண்ணைச் சொன்னார். அவ்வளவுதான். நான் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன். என் வாழ்க்கையில் நான் கேட்டதிலேயே உசத்தி அதுதான் அக்கா.

அப்புறம் என்ன செய்திருக்க வேண்டும்? நீங்கள் சொல்லுங்கள். சும்மா இருந்திருக்க வேண்டும். இப்போது தெரிகிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு, இப்படி ஒரு மனிதர் அங்கே இருக்கிறார் என்பது அவர் மேலதிகாரிகளுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. அட்டையும் வேண்டும். இரண்டும் ஒரே கடிதத்தில் முடியும்.

அச்சகத்தில் கொடுத்து நல்ல அட்டையில் ஒரு மாதிரியை நானே அடித்து வாங்கினேன், ‘சிவனேசன் கேட்டது எங்களைத்தான்’ என்று, அவர்கள் கையெழுத்துப் போட்டால் போதும். அச்சகத்துக்காரன் ஒரு மாதம் இழுத்துவிட்டான், இல்லாவிட்டால் அப்போதே அனுப்பியிருப்பேன். அறிக்கை இரண்டு பக்கம். நேரத்தைச் சர்வதேச நேரத்துக்கு மாற்றினேன், ஏழு பத்தில் ஐந்தரை மணி போனால் ஒன்று நாற்பது. தெளிவுக்கு மதிப்பெண் போட்டேன், காற்று இரைச்சலுக்காக ஒரு மதிப்பெண் மட்டும் குறைத்தேன். கடைசியில் என்ன பேசினார்கள் என்று எழுத வேண்டும். அங்கேதான் புத்திசாலித்தனம் தேவை. ‘ஓடுபாதை காலி, காற்று வடமேற்கு’ என்று எவனும் எழுதிவிடுவான், கிஷோர்கூடக் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு எழுதுவார். கேட்டவனுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை எழுதினால்தான் சரிபார்க்கிறவர் மறுக்க முடியாது. எது அப்படிப்பட்டது என்று யோசித்தேன். வடை. வேறு என்ன? முழுவதும் எழுதினேன். இரண்டு தடவை தவறியது, நேரம், தமிழ் வார்த்தைகள், பக்கத்திலேயே அதற்கு இங்கிலீஷ். ‘உங்கள் கட்டுப்பாட்டாளரின் மனிதாபிமானம் போற்றத்தக்கது’ என்று கீழே எழுதி அடிக்கோடிட்டேன். என் முகவரி எழுதிய உறை, அதன் மேல் ஸ்டாம்பு. பதிவுத் தபால்.

ஒன்பதாம் நாள் ஜீப் வந்தது. மாடியில் இருந்து பார்த்தேன், யூனிஃபார்மில் இரண்டு பேர், கையில் ஒரு கவர். அட்டையை நேரில் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். ஓடிப்போய்ச் சட்டை மாற்றினேன், தீபாவளிச் சட்டை. அம்மாவிடம் காபி போடச் சொன்னேன். அவர்கள் மேலே வந்து ரிசீவரைப் பிடுங்கி, லேப்டாப்பை எடுத்து, நோட்டை எல்லாம் மூட்டை கட்டும்போதும் நான், “கார்டு கொண்டு வந்திருக்கீங்களா சார்?” என்றுதான் கேட்டேன்.

அதில் பெரியவர், மீசைக்காரர், என்னைத் திருடனைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கடிதத்தை விரித்து, “ரெண்டு தடவைன்னு எழுதியிருக்கே. நிச்சயமா ரெண்டா? ஒண்ணா இருக்கலாமில்ல?” என்றார். நான் சொன்னேன், “ரெண்டுதான் சார். ஆறு ஐம்பத்தெட்டு, ஏழு நாலு. என் நோட்டுல பதினேழாம் பக்கம் பாருங்க.” அவர் புரட்டினார். பார்த்தார். அப்போதுதான் முகம் மாறி, “குட்” என்றார். அந்த ஒரு இடத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்தது.

என்ன சொன்னீர்கள்? திரும்பச் சொல்லுங்கள், ஃபேன் சத்தம்.

ரத்தினவேல் சார் அன்றையப் பதிவேட்டில் ‘வழக்கம் போல’ என்று எழுதிவிட்டாரா? இரண்டு தடவை தவறியதை எழுதவே இல்லையா?

எழுதினால் அந்தப் பையனை விமானத்தில் இருந்து இறக்கிவிடுவார்கள் என்றா? அதற்காகவா?

கோபுரத்தில் பதிவாகிற பேச்சு முப்பது நாளில் தானே அழிந்துவிடுமா? ஓ. அதனால் என் கடிதத்தைத் தவிர வேறு அத்தாட்சியே இல்லை.

இது எனக்குத் தெரியாது அக்கா. இதை அவர்கள் சொல்லவில்லை.

தண்ணீர் குடிக்கிறீர்களா? எனக்கு வேண்டும்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். என்னால்தான் என்று தெரியாத அளவுக்கு நான் மடையன் இல்லை. அந்த ஜீப் வந்து போனதில் இருந்து இருபத்து மூன்று காலை ஆகிறது, கோபுரத்தில் அவர் குரல் இல்லை. எப்படித் தெரியும் என்கிறீர்களா? இதோ, துணிக்கு அடியில், சின்னது ஒன்று இருக்கிறது. பழசு. அதை அவர்கள் பார்க்கவில்லை. நீங்கள் யாரிடமும் சொல்ல மாட்டீர்கள் என்றுதான் காட்டுகிறேன். இன்றைக்குக் காலையும் கேட்டேன். புது ஆள். வேகமாகப் பேசுகிறான், ‘குட் மார்னிங்’ இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பையன் குரலும் இல்லை. ஆறு மணிக்கு எழுந்து இந்த இரண்டு குரலும் வருமா என்று உட்கார்ந்திருக்கிறேன், எட்டு மணிக்கு ஏணியை எடுத்துக்கொண்டு போகிறேன். சாரை ஸ்டோரில் உட்காரவைத்துக் கம்பளி எண்ணச் சொல்கிறார்கள் என்று நீங்கள் சொன்னபோது, அவர் எப்படி எண்ணுவார் என்றுகூட எனக்குக் கேட்டது. இங்கிலீஷில்தான் எண்ணுவார். மெதுவாக.

சரிசெய்ய வேண்டும் என்று நானும் துடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டாவது கடிதம் ஒன்று எழுதிக்கூட வைத்தேன், டெல்லிக்கே. முதல் கடிதத்தில் விட்டுப்போன நல்ல விஷயங்களை எல்லாம் சேர்த்து, மூன்று வருடத்தில் இப்படி அவர் எத்தனை பேரைத் தட்டிக்கொடுத்து இறக்கியிருக்கிறார் என்று தேதி வாரியாக.

இல்லை இல்லை, அனுப்பவில்லை. அனுப்பவில்லை அக்கா, உட்காருங்கள். கிழித்துவிடுகிறேன். உங்கள் முன்னாலேயே கிழிக்கிறேன், இதோ. போதுமா?

அவருக்குத் தெரியாமல்தான் வந்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். ஷேர் ஆட்டோவில் வந்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் டைப் அடிக்கிற கடையில் உட்கார்ந்து, உங்களுக்குத் தெரிந்ததை வைத்து நீங்களே சொல்லச் சொல்ல அடித்து வாங்கியிருக்கிறீர்கள். பாப்பா எட்டாம் வகுப்பு என்றீர்கள். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணினால் பள்ளிக்கூடமும் மாற வேண்டும். எல்லாம் என் காதில் விழுந்தது. என்னிடம் ஒரு தடவை சொன்னால் போதும்.

கொடுங்கள். பேனா என்னிடம் இருக்கிறது.

கிஷோர் இதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ‘நான் அப்பவே சொல்லல? கனவு.’ சொல்லிவிட்டுப் போகட்டும். பதினாறு பொம்மை சிரிக்கட்டும். நான் கேட்கவில்லை. மூன்று வருடம் இந்தத் தகரத்துக்குக் கீழே நான் எதையும் கேட்கவில்லை. எழுதிக்கொடுக்கிறேன். உங்களுக்காக இல்லை அக்கா, உங்களை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். அவருக்காக.

இப்போது நன்றாகப் படிக்கிறேன். படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

‘முப்பதாம் தேதி காலை.’ முப்பது இல்லை அக்கா, இருபத்தொன்பது. செவ்வாய்க்கிழமை என்று சொன்னேனே. முப்பது புதன். நாளைக்கு அவர்கள் காலண்டரைப் பார்த்தால் சிரிப்பார்கள். திருத்திவிடுகிறேன், பக்கத்தில் சின்னதாக என் கையெழுத்து. ‘ஏழு மணியளவில்.’ அளவில் என்ன அளவில்? ஏழு பத்து. ‘விமானம் ஒருமுறை இறங்கத் தவறியதாகவும்.’ இரண்டு முறை. ஆறு ஐம்பத்தெட்டு, ஏழு நாலு. இதையும் மேலே எழுதிவிடுகிறேன், இடம் இருக்கிறது. ‘உணவு தருவதாகக் கூறி.’ வடை. வெறும் உணவு என்று போட்டால் அவர் சொன்னதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். ஒரு வடை.

பேசாமல் இருங்கள் அக்கா, ஒரு நிமிடம். கை தவறிவிடும்.

பொய் சொல்லலாம். நான் சொல்கிறேன், நாளைக்கு நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன், எல்லாம் கற்பனை என்று. ஆனால் தப்பாகச் சொல்லக்கூடாது. ‘உன் கற்பனையில எத்தனை தடவை தவறிச்சு’ என்று அந்த மீசைக்காரர் கேட்டால் இரண்டு தடவை சார் என்பேன். அதில் என்ன? கற்பனை என்றுதான் மேலேயே எழுதியிருக்கிறதே. அது அப்படியே இருக்கிறது, அதை நான் தொடவில்லை. பாருங்கள், கீழே முழுக் கையெழுத்து, தேதி, இடம் சித்தாம்பூர். இப்போது ஒரு பிழை கிடையாது.

இந்தாருங்கள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? என் கையெழுத்துப் புரியவில்லையா? படித்துக் காட்டட்டுமா?

எழுந்துவிட்டீர்களே. காபி வரும், அம்மா போட்டுக்கொண்டிருக்கிறாள். சரி, ஆட்டோ கிடைக்காது என்றால் கிளம்புங்கள். படி செங்குத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். அக்கா, காகிதம். நாற்காலி மேலேயே வைத்துவிட்டுப் போகிறீர்கள். அக்கா. நான் வேண்டுமானால் ஓடிவந்து தருகிறேன், அங்கேயே நில்லுங்கள்.

கேட்கவில்லை போல. தெருமுனையே திரும்பிவிட்டீர்கள்.

பரவாயில்லை. நாளைக்குப் பத்து மணிக்கு நானே அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன்.